உக்காவுக்கா, கைக்கா? ஒரு களிமண் சிலம் பற்றிய மதிப்புரை

தில்லியின் மேற்கே உத்தம் நகரை ஒட்டியுள்ள குயவர் குடியிருப்பில், நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கிய, புகையிலையும் கனலும் வைத்துப் புகைக்கும் சுட்ட களிமண் சிலம் ஒன்று இரண்டு மாதமாக என் எழுதுமேசையில் இருக்கிறது. புகைக்கும் பழக்கம் எனக்கில்லை; இதை வாங்கியதும் புகைப்பதற்காக அன்று. இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். வட இந்தியக் கிராமத்துக் கதை எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்துக்குள் யாராவது ஒருவர் சிலத்தைக் கையில் எடுத்துவிடுவார். அந்த இடத்தில் 'சிலும்பி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதே பல ஆண்டுகளாக என் வழக்கமாக இருந்தது. இந்தியில் 'சிலம்' என்று வழங்கும் சொல்தான் தமிழர் வாயில் 'சிலும்', 'சிலும்பி' என்று ஆகியிருக்கிறது. ஆகையால் தவறென்று யாரும் சொன்னதில்லை. என் மனம்தான் ஒப்பவில்லை. பொருளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே அதற்குக் காரணம் விளங்கியது.

முதலில் இணையவழி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். 650 ரூபாய் விலை, அழகான அட்டைப் பெட்டி, பஞ்சுப் பொதிவு, மேலே மெருகு, விளிம்பில் பொன்வண்ணக் கோடு என்று எல்லாம் இருந்தன. கழுத்தில் துளை மட்டும் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஊசியை விட்டுப் பார்த்தேன். அடி முழுவதும் மண்ணால் அடைபட்டிருந்தது. அலங்காரப் பொருளுக்குத் துளை எதற்கு என்று பதில் வந்தது. பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. கனலின் காற்று கீழிறங்க வழியில்லாத பாத்திரத்துக்குச் சிலம் என்ற பெயரே பொருந்தாது என்பதால், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

உத்தம் நகர்க் குயவர் குடியிருப்பு அதற்கு நேர்மாறான இடம். ராஜஸ்தானிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் தெருத்தெருவாக வசிக்கும் அந்தப் பகுதியில், வீட்டு வாசலே கடை, மொட்டை மாடியே காயவைக்கும் களம். தீபாவளிக்கு முன்பு அகல்விளக்குகளும் கோடையில் பானைகளும் கூஜாக்களும் நிறைந்து கிடக்கும் அந்தத் தெருக்களில், சிலம் விற்பவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதியவரின் வாசலில், பூச்சட்டிகளுக்குப் பின்னால், வைக்கோலில் கவிழ்த்து அடுக்கியிருந்த சிலங்களைக் கண்டேன். ஹரியானாவில் வயதில் மூத்த ஆண்களைப் பெரியப்பா என்ற பொருளில் 'தாவூ' என்று அழைப்பார்கள். நானும் அவரை அப்படியே அழைத்து, "தாவூ, ஒரு சிலம் வேண்டும்" என்றேன்.

"உக்காவுக்கா, கைக்கா?" என்று அவர் கேட்டார்.

என் பல ஆண்டுக் குழப்பம் அந்த ஒரு கேள்வியில் தீர்ந்தது. இந்தி பேசும் நாட்டில் சிலம் என்றால் முதற்பொருள், புகையை நீரின் வழியே இழுத்துக் குடிக்கும் உக்காவின் தலையில் அமரும் நெருப்புக் கிண்ணம். நீர் நிரம்பிய அடிக்கலம், அதில் செங்குத்தாக இறங்கும் தண்டு, புகையை இழுக்கும் குழலாகிய 'நய்', இவற்றோடு சேர்ந்த ஓர் உறுப்பு அது. புகையிலையும் கனலும் இருக்கும் இடம் அதுதான் என்பதால் உக்காவின் உயிர் அங்கேயே இருக்கிறது. இரண்டாவது பொருள், நீரும் நீண்ட குழலும் இல்லாமல் கைகளுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்து நேராக இழுக்கும் நீள்கூம்பு வடிவக் குழல். சாதுக்களின் கையில் நாம் பார்ப்பது இது. தமிழுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது பொருள்தான். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலும் காசிப் படித்துறையிலும் பரதேசிகளைப் பார்த்த நம்மவர்கள், அவர்கள் கையிலிருந்த பொருளையும் கஞ்சாவின் வாடையையும் சேர்த்தே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதனால் தமிழில் 'சிலும்பி' என்று எழுதியவுடன் சடைமுடியும் சாம்பல் பூச்சும் வாசகரின் கண்முன் வந்து நின்றுவிடுகின்றன. கதையில் இருப்பவரோ கோதுமை வயலில் காவலிருக்கும் ஒரு குடியானவர். அவருடைய சிலத்தில் இருப்பது வெறும் புகையிலை. என் மொழிபெயர்ப்புகளில் எத்தனை குடியானவர்களை அறியாமல் கஞ்சாக் குடியர்களாக்கி வைத்திருக்கிறேன் என்று எண்ணியபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

நான் உக்காச் சிலத்தையே வாங்கினேன். உயரம் 11 சென்டிமீட்டர், வாயின் அகலம் 8 சென்டிமீட்டர், சமையலறைத் தராசில் எடை 190 கிராம். வடிவம் சொல்ல வேண்டுமானால், காம்புடன் நிமிர்த்திப் பிடித்த ஊமத்தம்பூ. மேலே விரிந்த வாய், அதற்குக் கீழே சட்டெனக் குறுகும் இடை, பிறகு உக்காவின் தண்டில் செருகும் கழுத்து. உள்ளே பார்த்தால், சக்கரம் சுழன்றபோது குயவரின் விரல்நுனி விட்டுச் சென்ற வரி, அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே சுருளாக ஏறுகிறது. பெரிய மண்குவியல் ஒன்றின் உச்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நூலால் அறுக்கிறார்கள். அந்த அறுப்பின் தடம் கழுத்து நுனியில் பிறைபோல் தெரிகிறது. ஒரு பக்கத்தில் உள்ளங்கையளவு கருமை. சூளையில் பக்கத்துக் கலத்தோடு ஒட்டி நின்ற இடம் அது என்றார் தாவூ. நகத்தால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கிறது. பச்சை வேக்காடாக இருந்தால் 'பொத்' என்றுதான் கேட்கும். மெருகு இல்லாத மண்ணாதலால் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்சிக்கொண்டு, புதுமழை பெய்த தரையின் மணத்தைத் திருப்பித் தருகிறது.

குறைகளும் உண்டு. துளை நடுவில் இல்லை. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. குச்சியால் குத்தும்போது தள்ளப்பட்ட மண் உட்புறத்தில் பிசிறாக நிற்பதைத் தாளால் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. இன்று வரை மேசைவிரிப்பில் செம்மண் பொடி உதிர்கிறது. கழுத்து மெல்லியது, பையில் வைத்துக் கொண்டுவந்த இரண்டில் ஒன்று மெட்ரோ நெரிசலில் உடைந்துபோயிற்று. ஆனால் இது ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்காகச் செய்யப்படும் பொருள் அன்று. உடைந்தால் அடுத்ததை வாங்குவார்கள். பித்தளை வேலைப்பாடு கொண்ட உக்கா தலைமுறைகளுக்கு நிற்கலாம். அதன் தலையில் இருக்கும் மண் கிண்ணம் பல முறை மாறியிருக்கும்.

இதைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருந்தால் பாதிதான் புரிந்திருக்கும். தாவூ தம் பேரனைக் கூப்பிட்டு, "சிலம் நிரப்பிக் கொண்டு வா" என்றார். பத்து வயதுப் பையன் பழைய சாம்பலைத் தட்டிக் கொட்டிவிட்டு, துளையின் மேல் சிறிய ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தான். புகையிலை கீழே இறங்கிவிடாமல் காற்றை மட்டும் விடும் அந்தத் துண்டுக்குக் 'கிட்டி' என்று பெயர். அதன்மேல் வெல்லப்பாகு கலந்து பிசைந்த கரிய புகையிலையை விரலால் அப்பினான். அடிபிடித்த பாகின் மணம் அடித்தது. புகையிலையின் மேல் வட்டமான மெல்லிய ஓடு ஒன்று. அதைத் 'தவா' என்கிறார்கள், நம் தோசைக்கல்லைப் போல் சூட்டைப் பரப்பும் வேலை அதற்கு. அடுப்பிலிருந்து வறட்டிக் கனலை இடுக்கியால் எடுத்து அந்த ஓட்டின் மேல் அடுக்கி, சிலத்தை உக்காவின் தண்டில் பதித்தான். சிறுவன் கையில் அந்த வேலையைக் கொடுத்திருப்பது எனக்கு உறுத்தியது. எனினும் அதில் அவனுடைய கை பிசகவே இல்லை.

தாவூ தாம் இழுக்கவில்லை. குழலின் வாயை முதலில் என் பக்கம் திருப்பினார். நான் கைகூப்பி மறுத்தேன். அவர் வருந்தவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்டை வீட்டுக்காரரிடம் திருப்பினார். அவர் இழுக்க, அடிக்கலத்து நீர் கொடகொடவென்று ஒலித்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் மேலே கனல் சிவந்து சிவந்து தணிந்தது. "இந்தச் சிலம் முடிவதற்குள் உன் சாமானைக் கட்டி வைத்துவிடுவான், பேட்டா" என்றார் தாவூ. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். கனல் சாம்பலாக ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆயிற்று.

இந்தச் சிறு காட்சிக்குள்ளேயே அந்தச் சொல்லின் மூன்று வழக்குகள் இருந்தன. 'சிலம் நிரப்புதல்' என்பது ஒரு வேலை. வீட்டில் இளையவர் மூத்தவருக்குச் செய்யும் பணிவிடை. அதே தொடர் ஊர்ப்பேச்சில், ஒருவனுக்கு அடிமைபோல் ஊழியம் செய்வதையும் குறிக்கும். 'அவனுக்குச் சிலம் நிரப்புகிறவன்' என்றால், நாம் வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவன், எடுபிடி என்று சொல்வோமே, அந்த ஆள். அடுத்து, சிலம் ஒரு கால அளவு. குளிர்காலத்து இரவில் வயற்காவலிருப்பவன் எத்தனை சிலம் முடிந்தது என்று எண்ணியே பொழுதை நகர்த்துவான். மொழிபெயர்ப்பில் 'எட்டுச் சிலும்பி குடித்தாகிவிட்டது' என்று போட்டால், தமிழ் வாசகருக்குப் போதை ஏறிய ஒருவன்தான் தெரிவான். மூலத்தில் இருப்பதோ விடியாத இரவு. மூன்றாவது, சிலம் விருந்தோம்பல். வந்தவருக்கு முதலில் குழலைத் திருப்புவது, நம் வீடுகளில் வெற்றிலைத் தட்டை நீட்டுவதற்கு நிகர்.

விருந்தோம்பல் இருக்கும் இடத்தில் விலக்கும் இருக்கும். 'உக்கா பானி பந்த்' என்பது வட இந்தியக் கிராமப் பஞ்சாயத்துகளின் தண்டனை. ஊருக்கு எதிராக நடந்ததாகக் கருதப்படுபவரோடு யாரும் உக்காவையும் தண்ணீரையும் பகிரக் கூடாது என்பது அதன் பொருள். தமிழில் 'ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தல்' என்றோ, 'அன்னந்தண்ணி புழங்கக் கூடாது' என்றோ எழுதலாம். இரண்டாவது எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது, அதில் தண்ணீர் இருக்கிறது. யாருடைய உக்காவில் யார் வாய் வைக்கலாம் என்பது அங்கே சாதியின் எல்லைக்கோடாகவே இருந்துவந்திருக்கிறது. நம் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கதையில் ஒருவன் குழலைப் பிறனிடம் நீட்டுகிறான் அல்லது நீட்டாமல் இருக்கிறான் என்றால், அந்த வரியில் ஊரின் ஒழுங்கு முழுவதும் இருக்கிறது. அந்த வரியில் 'சிலும்பி' என்ற சொல்லைப் போட்டு அதைக் கஞ்சாப் புகையால் மறைத்துவிடுவது, எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

தமிழருக்கு இந்தப் பொருளின் பெயரை இரவல் வாங்க வேண்டி வந்தது ஏன் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். புகையிலை போர்த்துக்கீசியர் வழியாக, வடக்கே போவதற்கு முன்பே தக்காணத்துக்கு வந்துவிட்டது. அக்பரின் அவைக்கு அதைக் கொண்டுசேர்த்த அசத் பேக், பீஜப்பூரிலிருந்துதான் எடுத்துச் சென்றார்; அது அக்பர் இறந்த 1605-ஐ ஒட்டிய ஆண்டு. தாம் கொண்டுசென்ற புகைக்குழலின் மூன்று முழ நீளத் தண்டு சுமத்ராவின் அச்சேயிலிருந்து வந்தது என்று அவர் தம் குறிப்பில் பெருமையோடு எழுதியிருக்கிறார். 1617-இல் ஜஹாங்கீர் புகைப்பதைத் தடை செய்தார், பழக்கம் நிற்கவில்லை. ஆக, தெற்கிலிருந்து வடக்கே சென்றது இலை. ஆனால் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இலையை இலைக்குள்ளேயே சுருட்டிப் புகைப்பதே பெருவழக்காக இருந்தது. அதற்குக் கிண்ணமும் வேண்டாம், தண்டும் வேண்டாம். நம்முடைய 'சுருட்டு' ஆங்கிலத்துக்குப் போய் 'செரூட்' ஆயிற்று. சுருட்டை ஏற்றுமதி செய்தவர்கள் உக்காவையும் சிலும்பியையும் பெயரோடு இறக்குமதி செய்துகொண்டோம். மேல்நாட்டு வளைந்த குழலுக்கு மட்டும் 'சுங்கான்' என்ற சொல் இருக்கிறது. ஈழத்து எழுத்தில் அது நன்றாகப் பழகிய சொல். கிராமத்து உக்காவின் தலைக்கிண்ணத்துக்கு அதைப் பயன்படுத்த முடியாது.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனபோதும் இதே சறுக்கல் நேர்ந்திருக்கிறது. ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சிலம் என்பது உக்காவில் புகையிலையும் கரியும் வைக்கும் பகுதி என்று சரியாகச் சொல்லிவிட்டு, குழல் முழுவதற்கும் புகைக்கும் செயலுக்குமே அந்தப் பெயரைத் தளர்வாக வழங்குகிறார்கள் என்றும் குறித்திருக்கிறது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்பவர்களுக்கும் பெரும்பாலும் கஞ்சாக் குழல்தான் நினைவுக்கு வருகிறது. உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஏறுவது மொழிகளில் இயல்புதான். உக்காவுக்கு மேற்காசியாவில் வழங்கும் 'நார்கிலே' என்ற பெயரும் அப்படி வந்ததே. பாரசீகத்தில் 'நார்கீல்' என்றால் தேங்காய். சிரட்டையையே நீர்க்கலமாக்கிய காலத்தின் எச்சம் அது. வடமொழியிலிருந்து நமக்கு வந்த 'நாரிகேளம்' அந்தச் சொல்லின் உறவு என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அன்று தாவூவிடம் கைச் சிலங்களையும் எடுத்துப் பார்த்தேன். சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவு; வாய் குறுகல்; சுவர் தடிப்பு. அதற்கும் உள்ளே அடைக்கக் கல் உண்டு. அடியில் 'சாஃபி' என்ற ஈரத்துணியைச் சுற்றி, உதடு படாமல் இரு கைகளையும் குவித்து இழுப்பார்கள். வேலைப்பாட்டில் இது உக்காச் சிலத்தைவிடச் சீராக இருந்தது. துளையும் நடுவில் இருந்தது. விலை அறுபது ரூபாய். சாதுக்கள் பற்றிய படைப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அங்கே 'சிலும்பி' என்பது மிகப் பொருத்தமான சொல். கஞ்சா வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதை அறிந்தவர்களாகவே குயவர்களும் பேசினார்கள். மண்ணைத்தான் நாங்கள் விற்கிறோம் என்றார் தாவூ.

இப்போது என் கைப்பிரதியில் திருத்தம் செய்துவருகிறேன். உக்காவோடு வரும் இடங்களில் 'கனல் கிண்ணம்' என்றும், முதன்முறை வரும் இடத்தில் 'சிலம் என்னும் கனல் கிண்ணம்' என்றும் எழுதுகிறேன். 'சிலம் நிரப்பு' என்ற கட்டளையை 'உக்காவுக்குக் கனல் போட்டுக் கொண்டு வா' என்று மாற்றினேன். கால அளவாக வரும் இடத்தில் சொல்லைக் கைவிட மனமில்லாமல், 'எட்டு முறை உக்காக் கனல் மாற்றியாகிவிட்டது' என்று வைத்திருக்கிறேன். அது நீளமாக இருக்கிறது, ஆனால் இரவு தெரிகிறது. குடியானவன் உக்கா இல்லாமல் வெறும் சிலத்தையே கையில் பிடித்து இழுக்கும் வரிகளும் உண்டு. அவற்றில் 'மண் சிலும்பியில் புகையிலை' என்று புகையிலையைக் கூடவே எழுதிவிடுகிறேன். 'சிலும்பி' தமிழில் வேரூன்றிய சொல். அதை நீக்குவது என் நோக்கமன்று, அதற்குரிய கையில் அதைக் கொடுப்பதே என் நோக்கம்.

புகைப்பதற்காக இதை வாங்க எண்ணுபவர்களுக்கு என் பரிந்துரை இல்லை. நீரின் வழியாக வருவதால் புகையின் நஞ்சு வடிந்துவிடுகிறது என்ற நம்பிக்கை அந்தத் தெருவிலும் இருக்கிறது. அது தவறான நம்பிக்கை. பேரனின் கண்கள் கனலை ஊதும்போது கலங்கிச் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

மொழிபெயர்ப்பாளர்கள், இந்தி இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள், புழங்குபொருள் சேகரிப்பவர்கள் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கப் போகிறவர்கள் தீபாவளிக்கு முந்திய ஒரு மாதத்தைத் தவிர்த்துவிட வேண்டும். அப்போது அகல்விளக்கைத் தவிர வேறெதற்கும் அங்கே கை ஒழியாது. கிட்டியையும் தவாவையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தாமாகத் தரமாட்டார்கள்; இரண்டுக்கும் சேர்த்துப் பத்து ரூபாய். துளை வழியாக ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு, நகத்தால் சுண்டி ஒலி கேட்டு எடுங்கள். வைக்கோலில் சுற்றித் தருவார்கள். அதன்மேல் உங்கள் துண்டையும் சுற்றிக்கொள்ளுங்கள், கழுத்து கீழே போகாதபடி கவிழ்த்து வையுங்கள்.